கொரியாவின் கிராமப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேரப் போகிறவர்களுக்கு

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறேன் என்றதும் கூட இருப்பவர்கள் சியோல் பேச்சைத்தான் எடுப்பார்கள். அரசுத் திட்டத்தில் சேருகிறவர்களில் நிறையப் பேருக்குக் கிடைப்பது வேறு கொரியா. தென் ஜொல்லா மாகாணத்தில் கடலோர ஊர் ஒன்று, வட கியோங்சாங்கில் பூண்டும் ஆப்பிளும் விளையும் ஒரு மாவட்டம், காங்வொன் மலைகளுக்கு நடுவே ராணுவ முகாம்கள் சூழ்ந்த சிற்றூர் என்று எதுவாகவும் இருக்கலாம். பள்ளியில் மொத்தமே முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். ஊருக்கு பஸ் ஒரு நாளைக்கு நாலைந்து தடவைதான். இந்தச் சின்ன எண்ணிக்கை உங்கள் வகுப்பு, வீடு, சாப்பாடு, பெயர் எல்லாவற்றையும் பாதிக்கும். நகரத்துப் பள்ளிக்காக எழுதப்பட்ட அறிவுரைகளில் பாதி இங்கே உதவாது. அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் பாஸ்போர்ட் இதற்குச் செல்லுமா?

முதலில் இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க வேண்டிய விசா ஈ-2. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்குத்தான் ஆங்கிலத்துக்கான ஈ-2 கிடைக்கும். ஆகவே டொராண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் டர்பனிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: நடுநிலைப் பள்ளி தொடங்கிப் பட்டம் வரை ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். வளர்ந்த பிறகு புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் பள்ளிச் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுத்து வைப்பது நல்லது.

இந்தியக் குடிமக்களுக்கு ஒரு தனி வழி இருக்கிறது. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பட்டமும், ஆங்கிலப் பாடத்தில் ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் துணை ஆசிரியர்களாக விண்ணப்பிக்கலாம். நம் ஊர்க் கணக்கில் பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும். இந்த வழியாகப் போகிறவர்கள் மிகக் குறைவு. அதனால் அந்தந்தப் பருவத்தின் அறிவிப்பில் இந்தியர்களுக்கான வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இந்த விசா கிடையாது. "ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று சொல்லிக் காசு கேட்கிற ஏஜென்ட் யாராவது வந்தால் விலகி நில்லுங்கள்.

காகிதங்கள்

அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் பெரிய திட்டம் எபிக். 1995இல் தொடங்கியது, கொரியக் கல்வி அமைச்சின் கீழ் இயங்குகிறது. முன்பு கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கென்றே டாக் என்று ஒரு திட்டம் இருந்தது. 2008இல் வந்து 2021இல் நின்றுவிட்டது. பழைய பதிவுகளில் அதைப் படித்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கும், இரண்டாம் பருவம் ஆகஸ்ட் கடைசியில். இரண்டுக்கும் தனித்தனியாக ஆள் எடுப்பார்கள். விண்ணப்பம் ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே திறந்துவிடும். பட்டத்தின் நகல், தேசிய அளவிலான குற்றப் பின்னணிச் சான்று இரண்டுக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும், அதாவது ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்று உங்கள் நாட்டு அரசு தரும் சான்று. தாமதம் வருவது எப்போதும் இந்த இரண்டில்தான். இந்தியாவில் பட்டத்துக்கு முதலில் மாநில அளவில் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சின் அப்போஸ்டில் என்று இரண்டு படிகள். காவல்துறைச் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வரும். அதற்குக் காலாவதி உண்டு என்பதால் அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்துவிடவும் கூடாது. பட்டத்தின் வேலையை முதலில் முடியுங்கள், குற்றச் சான்றை விண்ணப்பக் காலத்தை ஒட்டி வாங்குங்கள்.

இவற்றோடு இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஒரு மாதிரிப் பாடத் திட்டம், வீடியோ நேர்காணல். ஆங்கிலம் கற்பிப்பதற்கான டெசால் சான்றிதழ் 100 மணி நேரமாவது படித்ததாக இருக்கட்டும். நேர்காணலில் "கிராமத்தில் போட்டால் போவீர்களா?" என்று நிச்சயம் கேட்பார்கள். மனத்தில் இல்லாவிட்டால் ஆமாம் என்று சொல்லாதீர்கள். எந்த மாகாணம் என்று விருப்பம் தெரிவிக்கலாம், எந்த ஊர் என்று சொல்ல முடியாது. பள்ளியின் பெயர் பலருக்குக் கொரியாவில் இறங்கிப் பயிற்சி முடியும் நேரத்தில்தான் தெரியவரும்.

பணக் கணக்கு

அடிப்படைச் சம்பளம் மாதம் 20 லட்சம் வோனுக்கு மேல். தகுதி, அனுபவம், மாகாணத்தைப் பொறுத்துக் கூடும். வீடு பள்ளியே தரும், அல்லது வாடகைப் படி தரும். கிராமத்துக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாகச் சில வரவுகள் உண்டு: கிராமப் படி மாதம் 1 லட்சம் வோன் அளவில், ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் கற்பித்தால் அதற்குத் தனிப் படி. விமானச் செலவுக்கு ஒரு தொகையும் உண்டு. அது கொரியாவுக்குப் போன பிறகுதான் கைக்கு வரும். ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓராண்டு முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். மாகாணத்துக்கு மாகாணம் எண்கள் மாறும் என்பதால் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு படியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பள்ளி என்று போட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு பள்ளியையும் ஒட்டவைப்பது நடக்கிற கதைதான்.

முதல் சம்பளம் வரும் வரை செலவுக்குக் கையில் 10 முதல் 15 லட்சம் வோன் வரை இருக்கட்டும். செலவழிக்க நேரமும் கடையும் குறைவு என்பதால் கிராமத்தில் காசு மிஞ்சும். முதல் மாதம் மட்டும் போர்வை, பாத்திரம், பஸ், டாக்ஸி என்று ஓடிவிடும்.

இறங்கிய முதல் வாரங்கள்

பயிற்சி முடிந்ததும் உங்களை அழைத்துப்போக ஒருவர் வருவார். அவர்தான் உங்கள் கோ-டீச்சர், அதாவது உங்களோடு வகுப்பில் நிற்கப்போகிற கொரிய ஆசிரியர். வங்கிக் கணக்கு, வீட்டுச் சாவி, குடியேற்ற அலுவலகம் எல்லாம் முதலில் அவர் தலையில்தான் விழும். ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அவர்மேல் உங்களுக்குக் கோபம் வராது. கொரிய அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் செய்வார்கள். மாற்றல் ஆணை பிப்ரவரியில் வரும், மார்ச் பருவத்துக்குப் போகிறவர்கள் போய் இறங்குவதும் அப்போதுதான். உங்களை வரவேற்கிறவரே அந்தப் பள்ளிக்கு வந்து மூன்று நாள் ஆகியிருக்கலாம். போட்டோகாப்பி மெஷின் எங்கே என்று அவருக்கே தெரியாது. அவர் முதல் வேலை பார்க்கும் இளம் ஆசிரியராக இருக்கலாம். பதவி உயர்வுக்கான கூடுதல் மதிப்பெண்ணுக்காகத் தீவிலோ மலையிலோ வேலை பார்க்கிற மூத்தவராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் பேசுவதற்கு அவர் கூச்சப்படுவார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரில் பேசத் தயங்குகிறவர் கக்காவோடாக் என்கிற செய்திச் செயலியில் கேட்டு அனுப்பினால் பத்து நிமிடத்தில் பதில் போடுவார்.

வந்து 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டை எடுக்க வேண்டும். கிராமத்தில் குடியேற்ற அலுவலகம் இருக்காது, பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டும், முன்பதிவும் வேண்டும். முதல் நாளே தேதி போட்டுவிடுங்கள். அட்டை கைக்கு வரச் சில வாரம் ஆகும். அது வரும் வரை சொந்தப் பெயரில் மொபைல் ஒப்பந்தமோ இணையத்தில் பொருள் வாங்குவதோ சிரமம்தான். ப்ரீபெய்டு சிம் ஒன்றை விமான நிலையத்திலேயே வாங்கிக்கொண்டால் நிம்மதி. வங்கிக் கணக்கு பெரும்பாலும் நோங்ஹ்யோப்பில்தான் திறக்க வேண்டியிருக்கும். விவசாயக் கூட்டுறவு வங்கி அது, வேறு எந்த வங்கியும் இல்லாத ஊரிலும் அதற்குக் கிளை இருக்கும். பக்கத்திலேயே அவர்களுடைய மளிகைக் கடையும் இருக்கும்.

பள்ளிக்குள் நுழைகிறபோது

வாசலில் செருப்பு அலமாரி இருக்கும். வெளிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போட ஒரு ஜோடியை நீங்களே கொண்டுபோக வேண்டும். கால் பெரியவர்களுக்கு அந்த ஊர்க் கடையில் அளவு கிடைக்காது, ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். முதலில் கியோகம் என்கிற துணைத் தலைமை ஆசிரியரைப் பார்த்து வணங்குங்கள், பிறகு கியோஜங் என்கிற தலைமை ஆசிரியரை. தலைமை ஆசிரியர் பள்ளியின் முகம். உங்கள் விடுப்பும் நேர அட்டவணையும் கியோகத்தின் மேசையில்தான் முடிவாகும். மூன்றாவதாக ஹேங்ஜோங்ஷில். அது நிர்வாக அறை. சம்பளம், வீட்டுப் பழுது, கொதிகலன் என்று எதுவானாலும் அங்கேதான் போக வேண்டும். புதிதாக வருகிற பலர் இந்த அறையை மறந்துவிடுகிறார்கள். ஒரு பெட்டி இனிப்போடு போய் இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு வாருங்கள், ஜனவரியில் குழாய் உறைந்துபோகும் நாளில் பலன் தெரியும்.

பிள்ளைகளும் பெற்றோரும் கொண்டுவரும் பரிசு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 2016 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ஊழல் தடுப்புச் சட்டம் ஆசிரியர்கள் பெற்றோரிடமிருந்து பரிசு வாங்குவதைத் தடுக்கிறது. ஒரு கப் காப்பியைக் கூடத் திருப்பிக் கொடுக்கிற ஆசிரியர்களைப் பார்க்கலாம். கிராமத்தில் சங்கடம் என்னவென்றால், மாணவனின் பாட்டி ஒரு பை சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வீட்டு வாசலில் நிற்பார். மரியாதையாகத் தலைகுனிந்து மறுத்துப் பாருங்கள், முடியாவிட்டால் கோ-டீச்சரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் படங்களை இணையத்தில் போடவே கூடாது.

மூன்று பேர் உள்ள வகுப்பு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கொரியாவில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம். மூன்று, நான்காம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட், ஐந்து, ஆறாம் வகுப்புக்கு மூன்று. ஒரு பீரியட் 40 நிமிடம். ஒப்பந்தப்படி வாரம் 22 மணி நேரம் வகுப்பு. சிறு பள்ளியில் அத்தனை வகுப்பே இருக்காது. அதனால்தான் உங்களை இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பங்கு போடுகிறார்கள்.

பயிற்சியில் கற்றுக்கொடுக்கிற விளையாட்டுகள் எல்லாம் இருபத்தைந்து பேருக்கானவை. அணி பிரி, ஓடிப் போய் எழுது, எழுந்து நடந்து பத்துப் பேரிடம் கேள்வி கேள் என்று இருக்கும். மூன்று பேர் உட்கார்ந்திருக்கிற ஐந்தாம் வகுப்பில் இவை எடுபடாது. மூவரில் ஒருவன் நகரத்துத் தனிப்பயிற்சிக்குப் போய்வருகிறவன், நன்றாகப் பேசுவான். இன்னொருத்திக்கு எழுத்துக் கூட்டவே வராது. மூன்றாவது பிள்ளை வாயே திறக்காது. அதைவிட முக்கியம், மூவரும் மழலையர் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள். யார் கெட்டிக்காரன், யார் மக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. இதில் போட்டி வைத்தால் வெற்றி பெறப்போவது யார் என்று ஆரம்பிக்கும் முன்பே மூன்று பேருக்கும் தெரியும்.

அதனால் போட்டியை அவர்களுக்குள் வைக்காதீர்கள். மூவரும் ஒரு பக்கம், நீங்கள் எதிர்ப்பக்கம். அல்லது மூவரும் சேர்ந்து கடிகாரத்தை வெல்லட்டும்: போன வாரம் இருபது வார்த்தையை 50 நொடியில் சொன்னோம், இன்றைக்கு 45. பகடை, சீட்டு மாதிரி அதிர்ஷ்டத்தால் வெல்கிற ஆட்டங்களும் நல்லது, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் ஒரு நாள் ஜெயிக்கும். உரையாடலில் எண்ணிக்கை இடித்தால் கோ-டீச்சரையும் ஒரு பாத்திரமாக இழுத்துப் போடுங்கள். ஓரமாக நின்றுகொண்டிருக்கிற அவருக்கும் வேலை கிடைக்கும், பிள்ளைகள் அவர் ஆங்கிலம் பேசுவதைக் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு நம் உச்சரிப்பைவிட அதுதான் தைரியம் தரும் என்பது என் கருத்து.

சிறிய வகுப்பின் பெரிய லாபம், ஒவ்வொரு பிள்ளையோடும் தினமும் தனியாகப் பேச நேரம் இருக்கும். நகரத்து ஆசிரியருக்கு அது கனவு. மதிய உணவு மேசையிலும் மைதானத்திலும் அதே வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். வாய் திறக்காத பிள்ளைகள் பெரும்பாலும் வகுப்புக்கு வெளியேதான் முதல் வாக்கியத்தைப் பேசும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கிராமத்துப் பள்ளிகளில் வியட்நாம், பிலிப்பைன்ஸ், கம்போடியா, சீனாவிலிருந்து திருமணமாகி வந்த தாய்மாரின் பிள்ளைகள் கணிசமாக இருப்பார்கள். பிலிப்பைன்ஸ் அம்மா உங்களைவிட நீண்ட காலம் ஆங்கிலம் கற்பித்தவராகவே இருக்கலாம். பிள்ளை அதை வகுப்பில் சொல்ல வெட்கப்படும். எல்லோர் முன்னாலும் "உன் அம்மா எந்த நாடு?" என்று கேட்டுவிடாதீர்கள். நம் நிறத்தைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள், கையைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதல் வகுப்பின் அறிமுகப் படக்காட்சியில் குடும்பப் படம், சாப்பாடு, பள்ளிக்கூடம் என்று நீங்களே எடுத்து வைத்துவிட்டால் கேள்விகள் வேறு பக்கம் போய்விடும். வெள்ளைக்காரர் வருவார் என்று எதிர்பார்த்த பெரியவர்களும் சிலர் இருப்பார்கள். அவர்கள் முகத்தில் அது தெரியும். இரண்டு மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பல பள்ளிக்காரர்களுக்கு

திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் இன்னொன்று என்று சுற்றுகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி பாடப் புத்தகம். ஒரே நான்காம் வகுப்புக்கு இந்தப் பள்ளியில் ஒரு பதிப்பகத்தின் புத்தகம், அந்தப் பள்ளியில் வேறு பதிப்பகம். இரண்டுமே அரசு அனுமதி பெற்றவைதான், ஆனால் பாட வரிசை ஒத்துப்போகாது. ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு பள்ளிக்கும் புத்தகம், எங்கே விட்டோம், வைஃபை கடவுச்சொல், கோ-டீச்சர் பெயர், கடைசி பஸ் நேரம் என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். உள்செருப்பு ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஜோடி கிடக்கட்டும். பாடத்தைப் பதிப்பகத்தை வைத்துத் தயாரிக்காமல் வாக்கிய அமைப்பை வைத்துத் தயாரித்தால் ஒரே ஆட்டம் இரண்டு பள்ளிக்கும் உதவும்.

விளையாட்டு நாள், சுற்றுலா, தேர்வு என்று வகுப்பு ரத்தாவது உங்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும். தலைமைப் பள்ளி எது என்பதும் முக்கியம். விடுப்பு, சம்பளம் எல்லாம் அங்கேதான். மற்றப் பள்ளிகளில் நீங்கள் வாரத்தில் ஒரு நாள் விருந்தாளி. அங்கே அவசரமாக உறவு வளர்க்க வேண்டியதில்லை, நேரத்துக்குப் போய் நன்றாகப் பாடம் நடத்தினால் போதும்.

பஸ், வீடு, சாப்பாடு

கிராம பஸ்ஸின் நேர அட்டவணை ஊர்ப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், செயலிகள் சின்ன ஊர்ப் பாதைகளில் சொதப்பும். வழி தேட கூகுள் மேப் கொரியாவில் ஒழுங்காக உதவாது, நேவர் மேப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புக்குப் பாப்பகோ. பல ஆசிரியர்கள் காரில் வருவார்கள், அவர்களோடு போக ஏற்பாடு செய்ய முடியுமா என்று கோ-டீச்சர் மூலம் கேளுங்கள். தினமும் காரில் ஏறிக்கொண்டால் மாதத்துக்கு ஒருமுறை பெட்ரோலுக்குப் பங்கு கொடுங்கள், வாங்க மறுத்தால் பழம் வாங்கிக் கொடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. நம் ஊர்க்காரர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வீடு ஒற்றை அறையாக இருக்கும், அல்லது பள்ளி வளாகத்திலேயே உள்ள ஆசிரியர் குடியிருப்பு. வளாகத்தில் என்றால் வெள்ளிக்கிழமை மாலை மற்ற ஆசிரியர்கள் தங்கள் நகரங்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். திங்கள் காலை வரை வளாகத்தில் நீங்கள் ஒருவர்தான். இந்தத் தனிமையைத் தாங்க முடியுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே யோசியுங்கள், கிராமத்தை விட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் ஓடுகிறார்கள். குளிர்காலத்தில் தரைக்கு அடியில் சூடு ஓடும். எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து முழுக்க அணைத்துவிட்டுப் போனால் குழாய் உறைந்துவிடும். காங்வொன் பக்கம் மைனஸ் 15 டிகிரி வரை போகும். வெளியூர் போகும்போது வெப்பத்தைக் குறைத்து வையுங்கள், குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழட்டும். குப்பைக்கு அந்த மாவட்டத்துப் பையையே வாங்க வேண்டும், பக்கத்து மாவட்டத்துப் பை செல்லாது.

மதியச் சாப்பாடு பள்ளியில். மலிவு, சுடச்சுட இருக்கும், சோறு கட்டாயம் உண்டு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்க்கிறவர்கள் மாதத்தின் தொடக்கத்தில் வருகிற உணவுப் பட்டியலை மொழிபெயர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சுத்த சைவம் மிகக் கடினம், கிம்சியிலேயே மீன் அல்லது இறால் சாறு இருக்கும், சூப்பின் அடித்தண்ணீர் நெத்தலியில் காய்ச்சியது. அப்படிப்பட்டவர்கள் சோறும் காய்கறியுமாகச் சமாளித்து, கையில் ஏதாவது கொண்டுபோகலாம். முன்கூட்டியே சமையலறைக்குச் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பருப்பு, சீரகம், மல்லிப்பொடிக்கு வழி இருக்கிறது. பண்ணைகளிலும் சிறு தொழிற்சாலைகளிலும் நேபாளம், இலங்கை, கம்போடியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இருப்பதால் மாவட்டத் தலைநகரில் பஸ் நிலையத்தின் பக்கம் ஒரு ஆசிய மளிகைக் கடை இருக்க வாய்ப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் தமிழ் பேசும் இலங்கைக்காரர் யாரையாவது பார்த்தாலும் பார்க்கலாம். காய்கறிக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தை. 2, 7 என்று முடிகிற தேதிகள், அல்லது 5, 10 என்று ஊருக்கு ஊர் மாறும். சந்தை நாள் தெரிந்தால் பஸ் கூட்டமும் தெரிந்துவிடும்.

ஊர்க் கண்

நீங்கள் என்ன வாங்கினீர்கள், எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்பது மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்துவிடும். எரிச்சலாக இருக்கும். அதே கண்தான் நீங்கள் இரண்டு நாள் வெளியே வராவிட்டால் கதவைத் தட்டும். காலையில் கிராமத் தலைவரின் ஒலிபெருக்கி அறிவிப்பு எழுப்பிவிடும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். எதிரே வருகிற முதியவர் யாராக இருந்தாலும் தலைகுனிந்து வணக்கம் சொல்லுங்கள். அவர் உங்கள் மாணவன் ஒருவனின் தாத்தாவாக இருப்பார். ஹ்வேஷிக் என்கிற ஆசிரியர் விருந்துகளுக்கு முதல் இரண்டு மூன்று தடவையாவது போங்கள். குடிக்காதவர்கள் கோப்பையில் சைடர் என்கிற சோடாவை ஊற்றிக்கொண்டால் போதும், மூத்தவருக்கு இரண்டு கையால் ஊற்றத் தெரிந்தால் மற்றது மன்னிக்கப்படும். ஹங்குல் எழுத்தை விமானம் ஏறும் முன்பே படித்துவிடுங்கள், ஒரு வார வேலை. பஸ் பலகையும் உணவுப் பட்டியலும் கொரிய மொழியில் மட்டுமே இருக்கும் ஊர் அது.

விடுமுறையும் அடுத்த ஆண்டும்

பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் உங்களுக்கும் விடுமுறை என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு ஒப்பந்தத்தில் உள்ள நாட்கள் மட்டுமே. மற்ற நாட்களில் ஆங்கில முகாம் நடத்த வேண்டும், அல்லது காலியான பள்ளியில் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் மதிய உணவும் இருக்காது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். விமானச் சீட்டை வாங்கும் முன்பு விடுப்பு எழுத்தில் அனுமதியாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கிறீர்களா என்று முடிவதற்குச் சில மாதம் முன்பே கேட்பார்கள். பதில் சொல்லும் முன் அடுத்த ஆண்டு பள்ளி இருக்குமா என்று மெதுவாக விசாரியுங்கள். கொரியாவில் 1982 முதல் 3,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்டிருக்கின்றன. முதல் வகுப்பில் புதிதாக யாரும் சேராத பள்ளி என்றால் உங்களை வேறு பள்ளிக்கு மாற்ற வாய்ப்பு இருக்கிறது. எந்த ஊர், எந்த வீடு, எத்தனை பள்ளி என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிளம்புவதாக இருந்தால் ஓய்வூதியப் பிடித்தம் திரும்பக் கிடைக்குமா என்பது உங்கள் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாக்காரர்களுக்குக் கிடைக்கும், பிரிட்டன்காரர்களுக்குக் கிடைக்காது. மொபைல், எரிவாயு, இணையக் கணக்குகளை முடிக்கும் வரை நோங்ஹ்யோப் கணக்கை மூடாதீர்கள், கடைசிப் படிகளும் பணிக்கொடையும் அதில்தான் வரும்.